காவல் உன்னுது

“இன்னா சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு” என்ற சின்னசாமி, பாடைக்குச் சீவிக்கொண்டிருந்த மூங்கிலை அப்படியே கீழே போட்டார்.

கன்னிகா இன்னொரு வாட்டியும் சொன்னாள். “நைனாவ அவருகூட டூட்டியில நின்னவங்கதான் தூக்கணுமாம், சித்தப்பா. ஆஸ்பத்திரியில எங்கிட்ட சொன்னாரு.”

“அப்போ நான் யாரு? பஸ்சுக்கு நிக்கிறவனா?”

விடிந்ததிலிருந்து அந்த மனிதர் உட்காரவேயில்லை. ஐஸ் பெட்டிக்குச் சொன்னது, வாசலில் பந்தல் போட்டது, நகரி, புத்தூர், பாகாலா என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டது, எல்லாம் அவர்தான். அழ நேரம் கிடைக்காத துக்கம் முழுக்க இப்போது குரலில் ஏறிக்கொண்டது.

“கூடப் பொறந்தவன் கல்லு மாதிரி கீறேன். பங்காளிங்க கீறாங்க. எங்கள உட்டுட்டு எவனோ ஓம்கார்டு வந்து எங்க அண்ணனத் தூக்குவானா? ஊரு காறித் துப்பும் கன்னிகா. நீ காலேஜில பாடம் சொல்றவ, உனுக்கே தெரியணும்.”

உள்ளே கூடத்தில் அவள் அப்பா வேங்கடாசலம் ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே படுத்திருந்தார். பார்த்தால் ஏதோ யோசனையில் கண்ணை மூடியிருப்பதுபோல இருந்தது. கதை யோசிக்கும்போதும் அப்படித்தான் படுத்திருப்பார். கூப்பிட்டால் ‘ம்’ என்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆமாம், கதைதான். வடமாலபேட்டை கூட்ரோட்டில், ரோடுகள் சேருகிற முக்கில், காக்கிச் சட்டை போட்டு லாரி நிறுத்திய ஹோம்கார்டு வேங்கடாசலத்தை ஊருக்கே தெரியும். வானத்தில் ஒரு பட்டாளமே வைத்து நடத்தியவர் அவர் என்பது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். இளவயதில் பட்டாளத்தில் சேர சித்தூருக்குப் போய் வெயிலில் வரிசை கட்டி நின்றவரை, மார்பு அரை அங்குலம் பற்றவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு மறந்திருப்பார்கள். இவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பூமியில் இருக்கிற பட்டாளம் வேண்டாமென்றால் போகட்டும் என்று, ஒரு குயர் பேப்பர் வாங்கி வந்து தானே ஒன்றை ஆரம்பித்துவிட்டார். ஹோம்கார்டு வேலையெல்லாம் அதற்கப்புறம் வந்ததுதான்.

அவருடைய பட்டாளம் இருந்த கிரகத்துக்குக் கரும்பாறை என்று பெயர். சூரிய வெளிச்சம் எட்டாத தூரம். மனிதர்களின் கடைசிக் காவல் சாவடி அங்கேதான். அதற்கப்பால் வெறும் இருட்டு. இருட்டிலிருந்து எதிரிக் கப்பல் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. வந்தால் பின்னாலிருக்கிற ஊர்கள் அத்தனையும் சாம்பல். அதனால் யாராவது ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டு நின்றே ஆகவேண்டும். அந்தப் படைக்கு இரண்டே சட்டம். பதில் ஆள் வராமல் காவலை விட்டு நகரக்கூடாது. செத்தவனை, அவனோடு காவல் நின்றவன்தான் தூக்கவேண்டும். காவல் மாறும்போது நிற்கிறவன் “காவல் உன்னுது” என்பான். வந்தவன் “என்னுது” என்பான். அதைச் சொல்லாமல் ஒரு கால்கூட நகராது. வந்தவன் தளபதியாகவே இருந்தாலும் ‘உன்னுது’தான். அந்த இடத்தில் மட்டும் மரியாதை கிடையாது.

சென்னையில் யாரோ ஒரு புண்ணியவான் இதையெல்லாம் பாக்கெட் நாவலாகப் போட்டார். கூட்ரோட்டு ஹோம்கார்டுகளில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. அதனாலென்ன? வண்டி குறைந்த நேரத்தில் டீக்கடை ஓரமாக நின்று, பாதி தமிழும் பாதி தெலுங்குமாக அவரே சொல்லிவிடுவார். சொல்லிச் சொல்லி, கூட்ரோட்டில் டூட்டி மாறும்போது அவர்களும் “காவல் உன்னுது” என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் கேலியாகத்தான். போகப் போக அதைச் சொல்லாமல் இடத்தை விட்டு நகர அவர்களுக்கே கால் வரவில்லை.

கரும்பாறையில் ஓட்டுப் பெட்டி இல்லை. சபையில் கை தூக்குவதுதான் ஓட்டு. காவல் நின்று முடித்தவனுக்கு மட்டுமே கை தூக்க உரிமை. நிற்காதவன் எத்தனை பெரிய பணக்காரனானாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நின்று முடித்தவனுக்கு முதல் புத்தகத்தில் அவர் கொடுத்த பட்டம் ‘குடிமகன்’. வந்தது வினை. ஒயின் ஷாப் ஆட்கள் விஷயம் கேள்விப்பட்டு, மாலையோடு கூட்ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். “எங்களுக்கு மட்டுந்தான் ஓட்டுன்னு எழுதிகீறியாமே வேங்கடாசலம், நீ மனுஷன்யா!” அடுத்த புத்தகத்தில் குடிமகன் காணாமல் போய் ‘ஊராள்’ வந்துவிட்டார். நிற்காதவர் ‘வீட்டாள்’.

கன்னிகா அப்போது திருப்பதியில் இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். சிவிக்ஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே சண்டைக்குப் போவாள்.

“பதினெட்டு வயசான எல்லாருக்கும் ஓட்டு, நைனா. அதுக்கு யாரும் எங்கியும் நின்னு காட்ட வேணாம். பொறந்ததே போதும்.”

“பொறக்கறது ஒரு வேலையா? அத்த நாய்க்குட்டிகூட செய்யுது.”

“அப்போ அம்மாவுக்கு கை இல்லியா? அம்மா எங்க காவல் நின்னுச்சி? அது வீட்டாளு தானே?”

அடுப்படியிலிருந்து அம்மா கோதை குரல் கொடுத்தாள்: “எனுக்கு எவன் ஓட்டும் வேணாம். சோறு துன்னுட்டு அப்பால சண்ட போடுங்க.”

அடுத்த புத்தகத்தில் கரும்பாறையின் சமையல்காரி சபையில் எழுந்து கை தூக்கினாள். கன்னிகா விடவில்லை. “கண்ணு தெரியாதவரு எப்டி காவல் நிப்பாரு?” அதற்கடுத்த புத்தகத்தில் பார்வையில்லாத ஒருவர் ரேடியோவில் காதை வைத்து, எதிரிக் கப்பலை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்தார். மகள் கேட்ட கேள்விக்காகத் தன் நாட்டுச் சட்டத்தையே திருத்தித் திருத்தி எழுதிய ராஜா எந்தப் புராணத்திலாவது உண்டா? இவர் எழுதினார். ஆனால் கடைசிப் படி மட்டும் இறங்கவே மாட்டார். “நின்னாத்தான் கை. எங்க நின்னா இன்னா, எப்டி நின்னா இன்னா. ஆனா நிக்கணும்.” அவளும் இறங்கவில்லை. சிவிக்ஸ் லெக்சரர் ஆன பிறகு, பிள்ளைகளுக்குப் ‘பிறந்ததே போதும்’ என்று வருஷா வருஷம் பாடம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவோடு அதே சண்டையைப் போட்டாள். அந்தச் சண்டை இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவளால் இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கோதை இதில் எந்தக் கட்சியும் இல்லை. அவளுக்குத் தெரிந்தது கூட்ரோடு. சென்னை ரோடு வீச்சாக வந்து திரும்புகிற இடம். அவர் டூட்டிக்கு வருவதற்கு முன்னால் மாடும் மனிதருமாக எத்தனையோ உயிர் அங்கே அடிபட்டுப் போயிருக்கிறது. அவர் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கொடுக்காமல் கேட்பாள்: “எல்லாரும் தாண்டிட்டாங்களா?” “தாண்டிட்டாங்க” என்பார். அப்புறம்தான் சொம்பு கைமாறும். புருஷன் பெண்டாட்டி என்றால் எல்லார் வீட்டிலும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று கன்னிகா ரொம்ப நாள் நினைத்திருந்தாள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, அவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். “என்ன நின்னவங்க தூக்கட்டும், கன்னிகா. சின்னசாமி கோச்சிக்குவான். நீ பாத்துக்கோ.” அவள் “சும்மா இரு நைனா, வீட்டுக்குப் போலாம்” என்று போர்வையை இழுத்துவிட்டாள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சாவதற்கு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று பயம். அந்தச் ‘சரி’ இன்னும் சொல்லாமலே கிடக்கிறது.

பந்தலுக்குப் பின்னால் போய் தாட்சாயணிக்குப் போன் போட்டாள். வேங்கடாசலம் ஓய்வு பெற்றபோது கூட்ரோட்டுக் காவலை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டவள் அவள்தான்.

“அக்கா…” என்றதுமே அந்தப் பக்கம் அழுகை. லாரி ஹாரன்களுக்கு நடுவே அழுதுகொண்டே பேசினாள். “திருப்பதிக்கு யாரோ பெரியவரு வர்றாராம்க்கா. ரமணா, தனசேகர் எல்லாரையும் பந்தோபஸ்துக்கு அங்க இஸ்துக்கினாங்க. கூட்ரோட்டுல நான் ஒருத்திதான் கீறேன். ரிலீவர் கேட்டேன், எஸ்.ஐ. சாரு குதரது, முடியாதுன்னுட்டாரு.”

“எப்ப முடியும்?”

“ராத்திரி ஆய்டும்க்கா. உட்டுட்டு வந்துடட்டுமா? நீங்க சொல்லுங்க. சஸ்பெண்டு பண்ணா பண்ணட்டும்.”

கன்னிகா ஐஸ் பெட்டி இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். “வேணாம். நீ காவல உட்டுட்டு வந்தா, அவரே எழுந்து உக்காந்து திட்டுவாரு.”

தாட்சாயணிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. கன்னிகாவுக்கும்தான். அவர் போட்ட முதல் சட்டமே இரண்டாவது சட்டத்தின் காலை வாரிவிட்டது. இதையும் ஒரு கேள்வியாக அவரிடம் கேட்டிருக்கலாம். இரண்டு நாள் யோசித்து ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பார்.

வாசலுக்கு வந்தாள். “நீங்களே தூக்குங்க சித்தப்பா. அவங்களுக்கு வர முடியலியாம்.”

ஜெயித்த முகம் ஒன்றும் சின்னசாமிக்கு இல்லை. மூங்கிலை எடுத்து மறுபடியும் சீவ ஆரம்பித்தார். “அவுரு கதை எழுதனாரு. நல்லாத்தான் எழுதனாரு, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க அண்ணன நான் தூக்காம யாரு தூக்கறது, சொல்லு? சின்ன வயசுல அவுருதான் என்ன தோள்ல வச்சிக்கினு திருத்தணி படி ஏறனாரு.” சீவல் அவர் மடியெல்லாம் விழுந்தது. அதைத் தட்டிவிடவும் தோன்றாமல் சீவிக்கொண்டே இருந்தார்.

வெயில் சாயத் தொடங்கும்போது எடுத்தார்கள். சின்னசாமியின் மகன் முரளிதரன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். மேளம் அதற்கும் முன்னால். சின்னசாமி வலது முன்கொம்பில் தோள் கொடுத்திருந்தார். சுடுகாடு சென்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம். பெண்கள் கூட்ரோடு வரைக்கும்தான் போகலாம், ரோட்டைத் தாண்டக்கூடாது. அது அந்த ஊர் வழக்கம். கோதையும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு பேர் அவளைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்து, டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கடைக்காரர் கேட்காமலே ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

மாங்காய் சீசன். கூழ் ஃபாக்டரிகளுக்குப் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பழுத்த வாசனையும் டீசல் புகையும் ரோடு முழுக்க அடித்தது. நடு ரோட்டில் தாட்சாயணி, காக்கி உடுப்பும் தொப்பியுமாக. பாடையைப் பார்த்ததும் நீளமாக ஒரு விசில் ஊதி இரண்டு பக்கமும் கை நீட்டினாள். புத்தூர் பக்கம் லாரிகள் நின்றன. திருப்பதி பக்கம் ஒரு பஸ் வந்து டீக்கடையை மறைத்துக்கொண்டு நின்றது.

அவள் சல்யூட் அடிக்கவில்லை. எப்படி அடிப்பாள்? இரண்டு கையும் வண்டிகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் அவளுக்குக் கை இல்லை. அது கன்னம் வழியாக இறங்கி விசில் கயிற்றில் சொட்டியது. கன்னிகா அதைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கால் ரோட்டில் இறங்கிவிட்டது.

“ஏ கன்னிகா! தாண்டாதே!” என்று பின்னாலிருந்து யாரோ ஒருத்தி கத்தினாள். அவள் தாண்டவில்லை. நடு ரோடு வரைக்கும் போய், தாட்சாயணிக்கு எதிரே நின்றாள்.

“பதில் ஆள் வந்துகீது, தாட்சாயணி.”

தாட்சாயணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறிவிட்டது. “அக்கா, லாரிக்காரங்க… நீங்க சொன்னா நிக்க மாட்டாங்கக்கா. எஸ்.ஐ. சாரு ஜீப்புல வந்துட்டா?”

“வந்தா நான் பேசிக்கிறேன். நைனாகூட நின்னவங்க இங்க வேற யாரு கீறாங்க? சொல்லு. நீ சொன்னாத்தானே நான் நிக்க முடியும்.”

தாட்சாயணி ஒரு நாளும் அக்காவை ‘நீ’ என்று பேசாதவள். “காவல் உன்னுது” என்றாள்.

எத்தனை வருஷம் இந்த வார்த்தையைக் கேலி செய்திருக்கிறாள் கன்னிகா! “என்னுது” என்று சொல்லி, இரண்டு கையையும் தூக்கினாள்.

பாடை ரோட்டு ஓரத்தில் நின்றுபோயிருந்தது. தாட்சாயணி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள். ஒரு பெண்பிள்ளை, பங்காளியும் இல்லை. மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். எல்லாரும் சின்னசாமியின் வாயைப் பார்த்தார்கள். அவர் தாட்சாயணியைப் பார்த்தார். அப்புறம், இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு நிற்கிற வண்டிகளுக்கு நடுவே கை தூக்கி நிற்கிற அண்ணன் மகளைப் பார்த்தார்.

“பூட்ஸக் கழட்டிட்டு வாம்மா” என்றார்.

அவள் கயிற்றைப் பிய்த்துக் கழற்றினாள். சின்னசாமி தன் தோளிலிருந்த கொம்பை மெல்ல எடுத்து அவள் தோளில் வைத்தார். “பாத்து. எங்க அண்ணன் கனம்.” கைமட்டும் கொம்பிலேயே இருந்தது.

மேளம் எழும்பியது. கன்னிகாவுக்கு நேராக வந்தது, பக்கத்தில் வந்தது. ரோஜாப்பூவும் ஊதுபத்தியும் கலந்த வாசனை தோளை உரசிக்கொண்டு போனது. கையெட்டும் தூரத்தில்தான் அவர் போகிறார். திரும்பி ஒரு தரம் பார்த்துவிடலாமா என்று உடம்பெல்லாம் தவித்தது. ஆனால் புத்தூர் பக்கம் முன்னால் நின்ற லாரி மெல்ல உருள ஆரம்பித்திருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தினான்.

“ஆகு!”

‘நில்லு’ என்பது தெலுங்கில்தான் வந்தது, அவர் அதட்டுகிற அதே கட்டைக் குரலில். லாரி குலுங்கி நின்றது. மேலேயிருந்து இரண்டு மாங்காய்கள் உருண்டு விழுந்தன. பிறகு அவள் கண்ணை வண்டிகள் மேலிருந்து எடுக்கவில்லை. மேளச் சத்தம் முதுகுக்குப் பின்னால் போய், தார் ரோடு முடிந்து மண்பாதையில் இறங்கி, சன்னமாகிக்கொண்டே போவதைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவளுக்கும் கை இல்லை.

ரோட்டின் அந்த ஓரத்தில் கொம்பைச் சின்னசாமியிடமே கொடுத்துவிட்டு, தாட்சாயணி தார்ச்சூட்டில் வெறுங்காலோடு ஓடிவந்தாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, எதிரே வந்து விறைப்பாக நின்றாள். விசிலை வாயில் வைக்கவில்லை. காத்திருந்தாள். பின்னாலிருந்த லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துக் கத்தின.

“அக்கா” என்றாள் மெல்ல.

சொல்லிவிட்டால் முடிந்துவிடும். கன்னிகா சின்னப்பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சொன்னாள்.

“காவல் உன்னுது.”

“என்னுது.”

விசில் அடித்தது. வண்டிகள் நகர்ந்தன. கன்னிகா டீக்கடைப் பக்கம் வந்து சேர்ந்தபோது அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் வழிவிட்டார்கள். தூக்கியே இருந்ததில் இரண்டு கையும் மரத்து, தன்னுடையதாகவே இல்லை.

பஸ் நகர்ந்துபோன இடத்தில் கோதை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த சொம்பை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“தாண்டிட்டாரா?”

“தாண்டிட்டாரும்மா.”

கோதை சொம்பை நீட்டினாள்.